கடலூர்த் துணியும் கணக்குப் புத்தகமும்

லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே கண்ணாடிக்குப் பின்னால், வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, பழைய பருத்தித் துணிகளைப் பாதுகாத்து வருகிறார்கள். முந்நூறு வருடம் ஆன துணி. ஆனாலும் சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது, நீலம் நீலமாகவே இருக்கிறது. ஒரு பாறை, அதிலிருந்து வளைந்து எழும் ஒரு மரம், அந்த ஒரே மரத்தில் நூறு வகைப் பூக்கள்! கீழே சிறிய விவரச் சீட்டு: பருத்தி, கையால் தீட்டிச் சாயமேற்றியது, கோரமண்டல் கரை, 18ஆம் நூற்றாண்டு. அவ்வளவுதான். யார் தீட்டினார் என்று இருக்காது. அதே அருங்காட்சியகத்தில் ஜான் கான்ஸ்டபிள் என்ற ஆங்கில ஓவியர் அவசரமாகத் தீட்டிப் பார்த்த சின்னச் சின்ன மேகப் படங்களும் உண்டு. அவற்றில் அவர் பெயர் இருக்கிறது, தேதியும்கூட இருக்கிறது.

கோரமண்டல் கரை எங்கோ தொலைவில் இருக்கிற இடம் இல்லை. சோழமண்டலம் என்ற சொல்தான் ஐரோப்பியர் வாயில் அப்படி ஆனது. பழவேற்காடு, சென்னை, சதுரங்கப்பட்டினம், புதுச்சேரி, கடலூர், பரங்கிப்பேட்டை, தரங்கம்பாடி, நாகப்பட்டினம் என்று நீளும் நம்முடைய கடற்கரைதான் அது. இந்தக் கட்டுரை அதில் நடுவில் உள்ள ஒரு சிறு பகுதியைப் பற்றியது. கடலூரிலிருந்து சிதம்பரம் வரை, பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட.

கடலூர்க்காரர்கள் மாலையில் காற்று வாங்கப் போகும் இடம் தேவனாம்பட்டினம் கடற்கரை. அதற்குப் பக்கத்திலேயே, கெடிலம் ஆற்றோரம், புனித டேவிட் கோட்டையின் மிச்சங்கள் இருக்கின்றன. அந்தப் பக்கம் நடப்பவர்களில் பலருக்கு அது ஒரு கோட்டை என்றே தெரியாது. 1690இல் செஞ்சியை ஆண்ட மராட்டியர்களிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி இதை விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். (அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஆள்.) கோட்டையோடு எவ்வளவு நிலம் என்பதற்கு ஒரு விசித்திரமான அளவு வைத்தார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை கம்பெனிக்கு! அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். வந்தவர்கள் நல்ல தூரம் சுடும் பீரங்கியாகப் பார்த்துத்தான் எடுத்திருப்பார்கள் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

பிறகு 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது இந்தக் கோட்டையே கம்பெனிக்குத் தென்னிந்தியத் தலைமையிடம் ஆனது. 1752 வரை அப்படித்தான் இருந்தது. 1756இல் ராபர்ட் கிளைவ் இங்கே கவர்னராக வந்தார். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துவிட்டார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இந்தச் சண்டைகள் எல்லாம் உண்டு. எதற்காகச் சண்டை என்ற கேள்விக்குத்தான் பதில் சரியாக இருக்காது. கோட்டைக்குள் கம்பெனி பத்திரமாக வைத்துக்கொள்ள நினைத்த முக்கியமான சரக்கு துணி.

எப்படி வாங்கினார்கள் என்று பார்த்தால் வணிகவியல் படிக்கிறவர்களுக்கு எல்லாம் தெரிந்த சமாசாரமாகவே இருக்கும். கம்பெனி உள்ளூர் வணிகர்களிடம் ஒப்பந்தம் போடும். இத்தனை துண்டு, இந்த நீளம், இந்த அகலம், இந்த மாதத்துக்குள். கூடவே முன்பணம். வணிகர் அதில் தன் பங்கை எடுத்துக்கொண்டு தரகர் மூலமாக நெசவு ஊர்களுக்கு அனுப்புவார். நெசவாளர் அந்தப் பணத்தில் நூல் வாங்குவார், நெய்து முடிக்கும்வரை சாப்பிடுவார். துணி வந்ததும் கோட்டையில் பிரித்துப் போட்டு, ஒப்புக்கொண்ட மாதிரித் துணியோடு ஒப்பிட்டு, முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று பிரிப்பார்கள். தரத்துக்கு அளவுகோல் புஞ்சம். 120 பாவு நூல் சேர்ந்தது ஒரு புஞ்சம். அதே அகலத்தில் புஞ்சம் கூடக் கூடத் துணி நெருக்கம், விலையும் ஏறும். சரக்குகளின் பெயர்கள் மூரி, சலம்பூர், லாங்கிளாத் என்று போகும். லாங்கிளாத் என்ற பெயர் இன்றும் ஜவுளிக்கடையில் புழங்குகிறது. ஒரு துண்டே ஏறக்குறைய 36 கஜம் இருந்ததால்தான் அது 'நீளத் துணி' ஆனது.

இதையெல்லாம் கம்பெனி எழுதி வைத்தது. வெறி பிடித்த மாதிரி எழுதி வைத்தது. துண்டுகளின் எண்ணிக்கை, நீளம், தரம், விலை, கழிவு, வணிகர் பாக்கி, எந்தக் கப்பலில் ஏற்றியது... எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. வணிகரின் பெயருக்கும் இடம் உண்டு, ஏனென்றால் அவர் கடனாளி. நெய்தவர் பெயருக்கும் தீட்டியவர் பெயருக்கும் கட்டம் கிடையாது. கணக்குப்படி பார்த்தால் இது தவறும் இல்லை. பாக்கி யார் பேரில் இருக்கிறதோ அவர் பெயர்தான் பேரேட்டில் ஏறும். அருங்காட்சியகத்தின் சீட்டில் பெயர் இல்லாததற்கு ஒரு காரணம் இங்கேயே, கடலூர்க் கிடங்கிலேயே தொடங்கிவிட்டது. (இன்னொரு வேடிக்கை: நம் ஊர்க் கணக்குப் புத்தகங்களின் அட்டையில் ஒட்டும் துணிக்குக் கலிக்கோ என்று பெயர். கோழிக்கோடு என்ற ஊர்ப்பெயரிலிருந்து வந்த துணிப்பெயர் அது.)

பெயர் இல்லாததால் அவர்கள் பாவப்பட்ட அடிமைகளாக இருந்தார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் சின்னப்பா அரசரத்தினம் 1986இல் வெளியிட்ட கோரமண்டல் வணிகம் பற்றிய நூலும், பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல் வெளியிட்ட தென்னிந்திய நெசவாளர் பற்றிய நூலும் வேறு படத்தைக் காட்டுகின்றன. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நெசவாளருக்கு வேலை பஞ்சமில்லை. ஆங்கிலேயருக்குப் பிடிக்கவில்லையா, பக்கத்திலேயே பிரெஞ்சுக்காரர், டச்சுக்காரர், டேனிஷ்காரர். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமை நெசவாளருக்கு இருந்தது என்கிறார் பார்த்தசாரதி. பிடிக்காவிட்டால் தறியைக் கழற்றிக்கொண்டு வேறு ராஜாவின் எல்லைக்குள் போய்விடலாம். கம்பெனியே நாட்டை ஆளத் தொடங்கிய பிறகு இந்த வழி அடைபட்டது. வாங்குகிறவனே போலீஸும் நீதிபதியுமாக இருந்தால் பேரம் எப்படி நடக்கும்? தென்னார்க்காடு 1801இல் முழுதாகக் கம்பெனி கைக்கு வந்தது.

அதற்கும் முந்தைய காலத்தில் நெசவாளரின் நிலை இன்னும் உயரம். விஜயநகரக் காலக் கல்வெட்டுகளில், இந்தப் பகுதிக் கைக்கோளர்கள் பல்லக்கில் போகவும் சங்கு ஊதவும் உரிமை கேட்டுப் பெற்ற செய்தி வருகிறது. காஞ்சிபுரத்துக் கைக்கோளருக்கு இருக்கிறதே, எங்களுக்கு ஏன் இல்லை என்பதுதான் வாதம். தறிக்கு வரியும் கட்டினார்கள், மரியாதையும் கேட்டார்கள்.

சரி, தீட்டிய துணிக்கு வருவோம்.

தமிழில் இதற்குச் சீட்டி என்று பெயர். பாட்டிமார்கள் சீட்டிப் பாவாடை, சீட்டித் துணி என்று சொல்வதைக் கேட்டிருக்கலாம். ஆங்கிலத்தில் சின்ட்ஸ் என்பதும் இதே குடும்பத்துச் சொல்தான். பின்னாளில் மில்லில் அச்சடித்த மலிவுத் துணிக்கு அந்தப் பெயர் போய் ஒட்டிக்கொண்டது. பழைய சீட்டி வேறு ரகம். அது எப்படிச் செய்யப்பட்டது என்பதை 1742இல் கேர்டூ என்ற பிரெஞ்சு பாதிரியார் ஒரு கடிதத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். புதுச்சேரி, காரைக்கால் பகுதியில் இருந்தவர். கிறிஸ்தவத்துக்கு மாறிய உள்ளூர்த் துணி ஓவியர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். (சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உறவு இருக்கிறது என்று வில்லியம் ஜோன்ஸுக்கு முன்பே கவனித்தவரும் இவரே.) இன்றைய மொழியில் சொன்னால் அது தொழில் ரகசியத்தைக் கடத்திய கடிதம்! அதற்குச் சில வருடம் முன்னால் பொலியு என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி இன்னும் ஒரு படி மேலே போய், புதுச்சேரியில் ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டு வெட்டி வாங்கிக் குறிப்போடு சேர்த்து வைத்தார். அந்தத் துண்டுகள் பாரிசில் இன்றும் இருக்கின்றன.

முதல் வேலை துணியைத் தயார் செய்வது. பாதி வெளுத்த துணியைக் கடுக்காய் அரைத்துக் கலந்த எருமைப்பாலில் ஊறவைத்து, பிழிந்து, வெயிலில் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு பின்னால் வரும் நிறங்களைப் பிடிக்கும். பாலின் கொழுப்பு தீட்டும் கோடு கசிந்து பரவாமல் தடுக்கும். அப்புறம் மரக்கட்டையால் தட்டித் தட்டிக் காகிதம் போல வழவழப்பாக்குவார்கள். காகிதத்தில் வரைந்த படத்தின் கோடுகளில் ஊசியால் துளையிட்டு, துணிமேல் வைத்து, கரித்தூள் கட்டிய மூட்டையால் ஒற்றினால் படம் புள்ளி புள்ளியாக இறங்கும்.

அடுத்து வருவதுதான் அதிசயம். மூங்கில் குச்சியின் முனையில் கம்பளியோ மயிரோ சுற்றி, அதில் திரவத்தைத் தோய்த்து வரைவார்கள். கறுப்புக் கோட்டுக்கு, துருப்பிடித்த இரும்பைப் புளித்த நீரில் ஊறவைத்த கரைசல். கடுக்காய் ஏறிய துணியில் பட்டவுடன் கறுக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் தீட்டுவது சிவப்பு இல்லை, படிகார நீர். அது கிட்டத்தட்ட நிறமே இல்லாத தண்ணீர். ஓவியர் எங்கே தீட்டினார், எங்கே தீட்டவில்லை என்பது அவருக்கே கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. பிறகு துணியைச் சாயவேர் போட்ட கொதிநீரில் இறக்குவார்கள். இம்பூறல் என்ற சிறு செடியின் வேர் அது, கடற்கரை மணலில் நன்றாக வரும். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு ஏறி நிலைக்கும். மற்ற இடத்தில் ஒட்டிய சாயம் துவைத்து வெயிலில் வெளுக்க வெளுக்கப் போய்விடும். படிகாரத்தின் அடர்த்தியை மாற்றினால் இளஞ்சிவப்பு, அடர்சிவப்பு. இரும்பையும் படிகாரத்தையும் கலந்தால் ஊதா போன்ற நிறம்.

நீலத்துக்கு முற்றிலும் வேறு வழி. அவுரித் தொட்டியில் முக்கியெடுத்தால் துணி முழுதும் நீலமாகிவிடும். எனவே நீலம் வேண்டாத இடம் அத்தனையையும் உருக்கிய தேன்மெழுகால் மூடவேண்டும். ஒரு நீலப்பூவுக்காகக் கஜக்கணக்கான துணிக்கு மெழுகு பூசவேண்டும். பூவின் இதழில் மயிரிழை போன்ற வெள்ளைக் கோடு வேண்டுமென்றால் அதையும் மெழுகால் வரையவேண்டும். முக்கிய பின் வெந்நீரில் மெழுகை எடுத்து, மறுபடி வெளுத்து, மறுபடி படிகாரம்... கடைசியில் மஞ்சளைத் தூரிகையால் தீட்டுவார்கள். நீலத்தின் மேல் மஞ்சள் விழுந்தால் பச்சை. இந்த மஞ்சள்தான் கெட்டிச்சாயம் இல்லை. அதனால்தான் அருங்காட்சியகங்களில் உள்ள பழைய சீட்டிகளில் இலைகள் பெரும்பாலும் நீலமாக இருக்கின்றன. வரைந்தபோது அவை பச்சை.

ஒரு பெரிய படுக்கை விரிப்புக்கு இந்த வேலை வாரக்கணக்கில் நடக்கும். தீட்டுபவர், மெழுகிடுபவர், சாயமிடுபவர், வெளுப்பவர் என்று பல கைகள். யார் பெயரைப் போடுவது என்று கேட்பவர்களுக்கு இது ஒரு நியாயமான சிக்கல்தான். ஆனால் ஐரோப்பாவிலும் பெரிய ஓவியர்களின் பட்டறைகளில் உதவியாளர்கள்தான் பாதிப் படத்தை முடித்தார்கள், ஆனாலும் ஒரு பெயர் போட்டார்கள் அல்லவா?

'வடிவம் அவர்களுடையது இல்லையே, வெளிநாட்டான் கேட்டதைத்தானே வரைந்தார்கள்' என்றும் சொல்லலாம். ஓரளவு உண்மை. 1643இல் லண்டன் இயக்குநர்கள் சூரத் கிளைக்கு எழுதிய கடிதத்தில், வருகிற விரிப்புகளில் சிவப்புத் தளம் மங்கலாக இருக்கிறது, வெள்ளைத் தளத்தில் பூங்கொடி வேண்டும் என்று கேட்டார்கள். நடுவில் உள்ள பூவையும் கிளையையும் ஓவியரின் இஷ்டத்துக்கே விட்டுவிட்டார்கள். பின்னால் மாதிரிப் படங்களையே கப்பலில் அனுப்பினார்கள். டச்சுக்காரர்களும் அப்படியே. ஆகவே அந்தப் பூமரத்தில் பாரசீகம் உண்டு, சீனத்துப் பாறை உண்டு, இங்கிலாந்துப் பூவேலை உண்டு. இவையெல்லாம் ஒரே மரத்தில் சண்டை போடாமல் இருப்பது எப்படி? கோரமண்டல் ஓவியர் பார்த்தே இராத ஒரு நாட்டுப் பூவை, பார்த்தே இராத இன்னொரு நாட்டுப் பாறையின் மேல் நட்டு, பொருந்த வைத்தார். வடிவமைப்பு என்று இன்று கல்லூரிகளில் சொல்லித்தருவது இதைத்தானே?

இந்தத் துணி ஐரோப்பாவில் பெரிய அரசியலாக வெடித்தது. துவைத்தாலும் போகாத நிறம், பட்டைவிட மலிவு. அங்குள்ள பட்டு, கம்பளி நெசவாளர்கள் பிழைப்புப் போகிறதென்று கொதித்தார்கள். பிரான்ஸ் 1686இல் தடை விதித்தது, 1759 வரை நீடித்தது. இங்கிலாந்தில் 1700இல் ஒரு சட்டம், 1721இல் இன்னும் கடுமையான ஒரு சட்டம். இடையில் 1719இல் லண்டனில் நெசவாளர்கள் தெருவில் இறங்கி, சீட்டி உடுத்திய பெண்களின் ஆடையைக் கிழித்தார்கள், மை ஊற்றினார்கள். கடலூர்ப் பக்கத்தில் யாரோ மெழுகிட்டுத் தீட்டிய துணிக்காக லண்டன் தெருவில் அடிதடி!

1700 சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. தீட்டிய துணியை உள்நாட்டில் விற்கத்தான் தடை. வெள்ளைத் துணி வரலாம். வந்த வெள்ளைத் துணியில் லண்டன்காரர்களே மர அச்சில் பூப்போடத் தொடங்கினார்கள். ஆகவே லாங்கிளாத் நெய்தவர்களுக்கு வேலை போகவில்லை. அந்தச் சந்தையில் அடிபட்டவர்கள் தீட்டியவர்கள். வெள்ளைத்துணி நம்முடையது, படம் அவர்களுடையது. கேர்டூவின் கடிதமும் அங்கே போய்ச் சேர்ந்தபோது மிச்சமிருந்த சூட்சுமங்களும் வெளியே வந்தன.

இன்னொரு துணியைச் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு அரைகுறையாகிவிடும். அவுரியில் முக்கிய ஒரே நிற நீலத்துணி. பூவும் இல்லை, கொடியும் இல்லை. புதுச்சேரியையும் அதைச் சுற்றியுள்ள கரையையும் சேர்ந்த இந்தத் துணிக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் 'கினி'. ஆப்பிரிக்காவின் கினிக் கரைக்குப் போனதால் அந்தப் பெயர். அங்கே அது பணம் போலவே புழங்கியது. எதை வாங்கினார்கள்? பிசின் வாங்கினார்கள், தந்தம் வாங்கினார்கள், மனிதர்களையும் வாங்கினார்கள். கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கர்களின் விலையில் ஒரு பகுதி இந்தியத் துணியாகக் கொடுக்கப்பட்டது. நீலத்தொட்டியில் கை விட்டவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கணக்கு எழுதியவருக்குத் தெரியும். அந்த ஆப்பிரிக்கர்களும் கப்பல் கணக்கில் பெயரில்லாமல், தலை எண்ணிக்கையாகத்தான் இருந்தார்கள்.

இவ்வளவும் வெளியே போன துணியின் கதை. உள்ளூரிலேயே துணியைக் கலையாக வைத்திருந்த இடத்தைப் பார்க்க வேண்டுமானால் கடலூரிலிருந்து தெற்கே சிதம்பரத்துக்குப் போகவேண்டும்.

நடராஜர் கோயிலின் மையமே ஒரு திரைச்சீலைதான். சிதம்பர ரகசியம் என்று எல்லோரும் சொல்வது அந்தத் திரைக்குப் பின்னால் இருக்கிறது. வெளிப்புறம் கறுப்பு, உட்புறம் சிவப்பு. கறுப்பு அறியாமை, சிவப்பு ஞானம் என்று விளக்கம் சொல்வார்கள். திரையை விலக்கினால் தெரிவது வெட்டவெளியும் தங்க வில்வமாலையும். வேறு கோயில்களில் கல்லோ செம்போ செய்கிற வேலையை இங்கே இரண்டு நிறத் துணி செய்கிறது.

அதே கோயிலில் சிவகாமி அம்மன் சன்னதி மண்டபத்தின் கூரையில் நாயக்கர் காலத்து ஓவியங்கள் உள்ளன. பிட்சாடனர், மோகினி கதை வரிசையாக ஓடுகிறது. கழுத்து வலித்தாலும் கதையை விட்டுவிட்டு உடைகளை மட்டும் ஒருமுறை பார்க்கவேண்டும். கரை, கட்டம், புள்ளி, பூ என்று சேலைக்குச் சேலை மாறும். துணி மக்கிப்போகும். நம் வெயிலிலும் ஈரத்திலும் அந்தக் காலத்துச் சேலை எதுவும் இங்கே மிஞ்சுவது அபூர்வம். அன்று என்ன உடுத்தினார்கள் என்பதற்குச் சுவர்தான் சாட்சி. தமிழ்நாட்டுக் கோயில் கூரை ஓவியங்கள் பலவும், மேலே கட்டும் விதானத் துணியைப் போலவே, நான்கு பக்கமும் கரை வைத்து வரையப்பட்டிருக்கின்றன.

ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் மூலவரான நடராஜரே தேரில் ஏறி வீதிக்கு வருவார். அப்போது தேரை மூடும் தேர்ச்சீலை, தொங்கும் குழாய் வடிவத் தொம்பைகள், குடைகள் எல்லாம் துணிவேலைதான். வண்ணத் துணிகளை யாளியாகவும் கிளியாகவும் வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தைப்பது. தேர் நகரும்போது அந்த யாளிகள் ஆடும். இதையும் யார் தைத்தது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. இதில் கம்பெனியை மட்டும் குறை சொல்வது சரியாகாது. கோயிலும் எழுதவில்லை, அரண்மனையும் எழுதவில்லை.

அரண்மனை என்றதும் கருப்பூரைச் சொல்லவேண்டும். கோடாலிக்கருப்பூர், சிதம்பரத்துக்கு மேற்கே கொள்ளிடக்கரைப் பகுதியில் உள்ள ஊர், இப்போது அரியலூர் மாவட்டம். தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக இங்கே நெய்த சேலைகள் வேறெங்கும் இல்லாத ரகம். மெல்லிய பருத்தியில் முதலில் சரிகை உருவங்களை நெய்வார்கள், பிறகு மெழுகிட்டுக் கருஞ்சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள். நெசவும் தீட்டலும் ஒரே துணியில் சேர்ந்தன. சிவப்புக்கு அடியிலிருந்து தங்கம் மங்கலாக மின்னும். 1855இல் வாரிசு இல்லை என்று தஞ்சை அரசைக் கம்பெனி முடித்து வைத்தது. வாங்க ஆள் போனதும் சேலையும் போனது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் நெய்வது நின்றுவிட்டது. ஒரே வாடிக்கையாளரை நம்பும் தொழிலுக்கு என்ன நடக்கும் என்பதற்குப் பாடப்புத்தகத்தில் போடலாம்.

சாயங்களும் தப்பவில்லை. 1868-69இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் மஞ்சிட்டி வகை வேர்களில் உள்ள சிவப்பை ஆய்வுக்கூடத்தில் செய்தார்கள். சாயவேரைத் தோண்ட வேண்டிய தேவை குறைந்தது. அவுரி கொஞ்சகாலம் தாக்குப்பிடித்தது. 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காடு சென்னை மாகாணத்திலேயே அவுரிக்குப் பேர்போன மாவட்டம். 1897இல் ஜெர்மன் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. திண்டிவனம் பக்கத்தில் அவுரி நீலம் எடுக்கும் வேலை இன்றும் கொஞ்சம் நடக்கிறது, இயற்கைச் சாயம் கேட்கும் வெளிநாட்டாருக்காக. கடலூரிலோ சிப்காட் வளாகத்து இரசாயன ஆலைகள் வந்துவிட்டன.

துணி மறுபடி கலையாக எப்போது பார்க்கப்பட்டது? சென்னையில் இதற்கு ஒரு நல்ல கதை உண்டு. ஓவியக் கல்லூரியில் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர் கிராமம் ஒன்று அமைத்தார்கள். ஓவியம் விற்று நிலம் வாங்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். எனவே கைவினைச் சங்கம் ஒன்று வைத்து, மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணிகளைச் செய்து விற்றார்கள். அந்தப் பணம்தான் நிலம் வாங்கக் கைகொடுத்தது. கிராமத்துக்கு வைத்த பெயர் சோழமண்டல்! மெழுகும் சாயமும் விற்ற காசில், அதே கரையில், அதே பெயரில். ஆனால் அங்கேயும் ஓவியம்தான் கலை, பாத்திக் வயிற்றுப்பாட்டுக்கு என்ற பிரிவு இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1980களில் விசுவகர்மா என்ற பெயரில் நடந்த கண்காட்சிகள் தேர்ந்த நெசவாளர்களை முன்னுக்குக் கொண்டுவந்தன. புபுல் ஜெயகரும் மார்தாண்ட் சிங்கும் முன்னின்று நடத்தியவர்கள். இன்றைய தலைமுறையில் லாவண்யா மணி முக்கியமானவர். 1977இல் பிறந்தவர், வதோதராவில் வேலை செய்கிறார். கலம்காரி முறையிலேயே, கடுக்காயும் இரும்புக் கரைசலும் இயற்கைச் சாயமும் கொண்டு, கப்பல்களையும் வணிகர்களையும் பயணக்கதைகளையும் துணியில் தீட்டுகிறார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கதையைக் கம்பெனி வாங்கிய துணியிலேயே சொல்கிற வேலை. இந்தத் துணிகள் கண்காட்சிக் கூடங்களில் தொங்கும்போது பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது.

2021இல் கருப்பூர் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலை திரும்பவில்லை. கோயில்களுக்கான விதானம், தொம்பை தீட்டும் மரபு ஒரு சில குடும்பங்களில் மிஞ்சியிருக்கிறது, அதற்குத்தான் இது. ஊரின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்திருக்கிறது, நல்லதுதான். வெளியூரில் அச்சடித்த துணியைக் கருப்பூர் என்று விற்கக் கூடாது. தீட்டிய ஆளின் பெயரைத் துணியில் போடவேண்டும் என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. கோரமண்டல் கரை என்பது கருப்பூர் என்று சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

கடலூர் மாவட்டத்தில் இன்றும் தறிச் சத்தம் கேட்க வேண்டுமானால் குறிஞ்சிப்பாடிக்குப் போகலாம். வடலூருக்குப் பக்கத்து ஊர். கைலி நெசவுக்குப் பேர்போனது. கட்டம் போட்ட கைலியை யாரும் கலை என்று சொல்வதில்லை, வீட்டில் கட்டிக்கொள்கிற துணி. ஆனால் எத்தனை இழை நீலத்துக்குப் பிறகு எத்தனை இழை சிவப்பு என்று பாவு ஓட்டும்போதே முடிவு செய்துவிட வேண்டும். தறியில் ஏறிய பிறகு திருத்த முடியாது. விற்பனைக்கு வரும்போது அதில் ஒட்டியிருக்கும் சீட்டில் கம்பெனியின் பெயரும் ஒரு படமும் இருக்கும்.

சோழமண்டலக் கரையின் கட்டம்போட்ட துணிகள் நைஜீரியாவுக்கும் பல காலமாகப் போயிருக்கின்றன. அங்கே நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதை அப்படியே உடுத்துவதில்லை. பெண்கள் கையில் கூர்மையான சிறு கத்தியோடு உட்கார்ந்து, நெய்த துணியில் குறிப்பிட்ட இழைகளை மட்டும் எண்ணி அறுத்து உருவி எடுக்கிறார்கள். இழை போன இடத்தில் சல்லடை போல வெளிச்சம் வரும், புதிய வடிவம் தெரியும். ஒரு துணிக்கு வாரக்கணக்கில் ஆகும். நம் ஊர் நெசவாளர் கணக்குப் போட்டுச் சேர்த்த இழைகளை அவர்கள் கணக்குப் போட்டுக் கழிக்கிறார்கள். பெலெடெ பிடே என்று அதற்குப் பெயர், வெட்டிய துணி என்று பொருள். சாவிலும் கல்யாணத்திலும் குடும்பத்தின் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டப்படும் சொத்து அது. வடிவங்களுக்கும் தனித்தனிப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். ஒன்று ஆமை, ஒன்று புலிப்பாதம்.